ஹெகலை உரைகளோடு படிப்பது எப்படி? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

ஜெர்மன் தத்துவஞானி ஹெகலின் 'ஃபினாமினாலஜி ஆஃப் ஸ்பிரிட்' (ஆன்மாவின் தோற்றவியல்) புத்தகத்தை ஆசையாக வாங்கி, முன்னுரையில் பத்துப் பக்கம் தாண்டுவதற்குள் மூடி வைத்தவர்கள் நிறையப் பேர். அவர்களில் பலர் அடுத்து ஒரு விளக்க நூலை வாங்குவார்கள். அதைப் படித்து முடிக்கும்போது ஹெகல் புரிந்துவிட்டது போலிருக்கும். மறுபடி மூலத்தைத் திறந்தால் ஒரு வரியும் பிடிபடாது. அந்த இடத்தில் நிற்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். மூலத்தையும் உரைகளையும் எந்த வரிசையில், எவ்வளவு எவ்வளவாகச் சேர்த்துப் படித்தால் ஹெகலின் வாதம் நம் கைக்கு வரும் என்பதுதான் இங்கே விஷயம்.

முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு பத்தியை முதலில் நீங்களே படியுங்கள். அது என்ன சொல்கிறது என்று உங்கள் சொந்த வாக்கியத்தில் எழுதுங்கள். அப்புறம்தான் உரையைத் திறக்க வேண்டும். உரையும் ஒன்று போதாது. ஒன்றோடொன்று உடன்படாத இரண்டு வேண்டும். திருக்குறளைப் பரிமேலழகர் உரையையும் மணக்குடவர் உரையையும் பக்கத்தில் வைத்துப் படித்தவர்களுக்கு இது பழகிய வேலைதான். இரண்டு உரைகாரர்கள் பிரியும் இடத்தில்தான் மூலத்தை நாம் உற்றுப் பார்க்கத் தொடங்குகிறோம்.

மேசைமேல் என்ன இருக்க வேண்டும்

முதலில் ஒரு மொழிபெயர்ப்பு. ஜெர்மன் தெரியாவிட்டால் ஆங்கில வழியாகத்தான் போக வேண்டும். ஜே.பி. பெய்லியின் மொழிபெயர்ப்பு 1910-இல் வந்தது, 1931-இல் திருத்தப்பட்டது. இணையத்தில் இலவசமாகக் கிடைப்பது பெரும்பாலும் இதுதான். நடை பழையது, மூலத்தில் இல்லாத சொற்களையும் அங்கங்கே சேர்த்துக்கொண்டு போகும். ஏ.வி. மில்லரின் மொழிபெயர்ப்பு 1977-இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாக வந்தது. டெர்ரி பின்கார்டும் மைக்கேல் இன்வுடும் தனித்தனியாகச் செய்த மொழிபெயர்ப்புகள் இரண்டும் 2018-இல் வந்தன.

வாங்கும்போது ஒன்றை மட்டும் கட்டாயம் பாருங்கள்: பத்திகளுக்கு எண் இருக்கிறதா? மில்லர் பதிப்பில் புத்தகம் முழுவதும் 808 பத்திகளாக எண்ணிடப்பட்டிருக்கிறது. ஹெகல் போட்ட எண்கள் அல்ல இவை. ஆனால் ஆங்கிலத்தில் எழுதும் உரைகாரர்கள் பெரும்பாலும் இந்த எண்ணைச் சொல்லித்தான் மேற்கோள் காட்டுகிறார்கள். எண் இல்லாத பதிப்பை வைத்துக்கொண்டு உரை படித்தால், எந்த இடத்தைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று தேடுவதிலேயே நேரம் போய்விடும். ஜெர்மன் பக்க எண்ணைத் தரும் நூல்களும் உண்டு. அவை பெரும்பாலும் 1980-இல் வந்த ஆய்வுப் பதிப்பின் 9-ஆம் தொகுதியையோ, சூர்காம்ப் பதிப்பகத்தின் 3-ஆம் தொகுதியையோ குறிக்கும். ஆரம்பத்தில் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

அப்புறம், எளிய வழிகாட்டி ஒன்று. ராபர்ட் ஸ்டெர்ன் 2002-இல் எழுதியது நல்ல தேர்வு. அத்தியாயம் அத்தியாயமாகப் போகும், மொழியும் தெளிவு. மில்லர் பதிப்பின் கடைசியில் ஜே.என். ஃபிண்ட்லே ஒவ்வொரு பத்திக்கும் எழுதிய சுருக்கம் இருக்கிறது. அது கிட்டத்தட்ட பொழிப்புரை. சில இடங்களில் மூலத்தைவிடக் கடினமாகவும் இருக்கும், ஆனாலும் கையோடு இருப்பது வசதி. இவற்றோடு ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தால் போதும். முதல் சில மாதங்களுக்கு வேறெதுவும் வாங்காதீர்கள்.

எங்கே தொடங்குவது

புத்தகத்தில் முன்னுரை என்று ஒன்றும் அறிமுகம் என்று ஒன்றும் தனித்தனியாக இருக்கின்றன. முன்னுரை 1 முதல் 72 வரையுள்ள பத்திகள். அறிமுகம் 73 முதல் 89 வரை, மொத்தம் 17 பத்திகள்தான். முன்னுரையை விட்டுவிட்டு அறிமுகத்தில் தொடங்குங்கள்.

இதற்குக் காரணம் புத்தகம் எழுதப்பட்ட விதத்திலேயே இருக்கிறது. ஹெகல் இதை யேனா நகரத்தில் எழுதினார். கையெழுத்துப் பிரதி தாமதமாகிக்கொண்டே போக, பதிப்பாளர் கோபெர்த்துக்குப் பொறுமை போய்விட்டது. நண்பர் நீத்தம்மர் நடுவில் வந்து, 1806 அக்டோபர் 18-க்குள் பிரதி முழுவதும் வந்து சேரும் என்று உத்தரவாதம் கொடுத்தார். அக்டோபர் 13-இல் நெப்போலியனின் படை யேனாவுக்குள் நுழைந்தது. மறுநாள் போர். 13-ஆம் தேதி நீத்தம்மருக்கு எழுதிய கடிதத்தில்தான், பேரரசர் குதிரையேறி நகரத்தைச் சுற்றிப் பார்க்கப் போனதைக் கண்டேன் என்றும் அவரை 'உலக ஆன்மா' என்றும் ஹெகல் எழுதினார். பிரதியின் பகுதிகளைத் தபாலில் அனுப்பிவிட்டு அவை போய்ச் சேருமா என்று தவித்ததும் அதே நாட்களில்தான். முன்னுரை அதற்கும் பிறகு, 1807 தொடக்கத்தில் எழுதப்பட்டது. அதாவது, முழுப் பயணத்தையும் முடித்தவர் திரும்பிப் பார்த்து எழுதியது அது. அந்தக் காலத் தத்துவ உலகத்தோடு நடத்தும் சண்டையும் அதில் நிறைய இருக்கிறது, பெரும்பாலும் யார் பெயரும் சொல்லாமல். பசுக்கள் எல்லாம் கறுப்பாகத் தெரியும் இரவு என்று 16-ஆம் பத்தியில் அவர் கிண்டல் செய்தது தன்னைத்தானோ என்று பழைய நண்பர் ஷெல்லிங் புண்பட்டார். 1807 நவம்பரில் அவர் எழுதிய பதிலோடு இருவரின் கடிதப் போக்குவரத்து நின்றது. இந்தப் பின்னணியெல்லாம் தெரிந்தால்தான் முன்னுரை பேசும்.

அறிமுகம் அப்படியல்ல. அது ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறது. 1781-இல் ஜெர்மன் தத்துவஞானி கான்ட், எதையும் அறியப் புறப்படுமுன் அறியும் திறனையே சோதிக்க வேண்டும் என்றார். அறிவை ஒரு கருவி போலக் கருதி, அது நமக்கும் பொருளுக்கும் நடுவே என்ன மாற்றத்தைச் செய்துவிடுகிறது என்று பார்க்கும் போக்கு அதிலிருந்து வளர்ந்தது. ஹெகல் 73, 74-ஆம் பத்திகளில் கேட்கிறார்: தவறு செய்துவிடுவோமோ என்ற இந்தப் பயமே ஏன் முதல் தவறாக இருக்கக் கூடாது? அறிவு ஒரு பக்கம், உண்மை இன்னொரு பக்கம் என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்டுத்தானே இந்தப் பயம் தொடங்குகிறது? சரி, வெளியிலிருந்து ஓர் அளவுகோலைக் கொண்டுவர முடியாதென்றால் எப்படிச் சோதிப்பது? ஒவ்வொரு அறிதல் முறையும் தனக்குரிய அளவுகோலைத் தானே வைத்திருக்கிறது. அதைக் கொண்டே அதைச் சோதிக்கலாம். இதுதான் 84-ஆம் பத்தியை ஒட்டி வரும் பதில். முழுப் புத்தகமும் இந்தப் பதிலின் மேல் நிற்கிறது. இந்த 17 பத்திகளுக்கு ஒரு மாதம் ஆனாலும் பரவாயில்லை.

யார் பேசுவது என்று பாருங்கள்

புதியவர்களை வேறு எதையும்விட அதிகமாகக் குழப்புவது இதுதான். இதைச் சரிசெய்துகொண்டால் பாதிச் சுமை இறங்கிவிடும்.

இந்தப் புத்தகத்தில் இரண்டு பார்வைகள் எப்போதும் கூடவே ஓடுகின்றன. ஒன்று, சோதிக்கப்படும் பிரக்ஞையின், அதாவது அறியும் மனத்தின் பார்வை. 'எனக்கு உண்மை என்பது இதுதான்' என்று அது தன் நிலைப்பாட்டைச் சொல்லும். இன்னொன்று 'நாம்': அந்தப் பிரக்ஞை படும் பாட்டைப் பக்கத்தில் நின்று கவனிக்கும் ஹெகலும் வாசகரும். பிரக்ஞைக்குத் தெரியாதது நமக்குத் தெரிகிறது. அதன் முதுகுக்குப் பின்னால் நடப்பது என்று ஹெகலே 87-ஆம் பத்தியில் சொல்கிறார். ஒரு நிலைப்பாடு உடையும்போது, பிரக்ஞைக்குத் தான் தோற்றுவிட்டதாக மட்டுமே தெரியும். அந்தத் தோல்வியிலிருந்தே அடுத்த நிலைப்பாடு பிறப்பது நமக்குத்தான் தெரியும்.

இதைக் கவனிக்காமல் படித்தால், ஹெகல் ஒரு பக்கத்தில் ஒன்று சொல்லி அடுத்த பக்கத்தில் அதை மறுப்பது போலத் தோன்றும். உண்மையில் முதல் பக்கத்தில் பேசியது அவர் அல்ல. ஆகவே ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டே போங்கள்: இந்த வாக்கியம் பிரக்ஞையுடையது, இது நம்முடையது. முடிவு செய்ய முடியாத வாக்கியங்களுக்குக் கேள்விக்குறி போடுங்கள். அந்தக் கேள்விக்குறிகளோடுதான் உரைக்குப் போக வேண்டும். 'இந்த அத்தியாயம் என்ன சொல்கிறது?' என்று கேட்டுக்கொண்டு போனால் உரைகாரர் சொல்வதையெல்லாம் வாங்கிக்கொண்டு வர வேண்டியதுதான். '92-ஆம் பத்தியின் இரண்டாவது வாக்கியம் யாருடைய குரல்?' என்று கேட்டுப் போனால் அவர் சொல்வதைச் சோதிக்கவும் முடியும்.

இரண்டு பத்திகளை எடுத்துப் பார்ப்போம்

முதல் அத்தியாயம் புலனுறுதி பற்றியது. 90 முதல் 110 வரை. எதையும் சேர்க்காமல், எதையும் கழிக்காமல், எதிரில் இருப்பதை இருக்கிறபடியே நேரடியாக அறிவதுதான் மிகச் செறிவான அறிவு என்று சொல்லும் நிலைப்பாடு இது. அதனால் சொல்ல முடிந்ததெல்லாம் 'இது இருக்கிறது' என்பது மட்டுமே.

95-ஆம் பத்தியில் ஹெகல் அதனிடம் கேட்கிறார்: 'இப்போது' என்பது என்ன? பதில்: இப்போது இரவு. சரி, இந்த உண்மையை எழுதி வைப்போம், எழுதி வைப்பதால் எந்த உண்மையும் கெட்டுவிடாதே என்கிறார். நண்பகலில் அந்தத் தாளை எடுத்துப் பார்த்தால் அது ஊசிப்போயிருக்கிறது. 96-ஆம் பத்தி: இரவு போனாலும் 'இப்போது' போகவில்லை. பகலிலும் 'இப்போது' இருக்கிறது. இரவும் அல்ல பகலும் அல்ல, ஆனால் இரண்டையும் தாங்கும். அப்படிப்பட்ட ஒன்று தனிப்பொருள் அல்ல, பொதுமை. தனிப்பட்ட இதைத்தான் அறிகிறேன் என்று சொன்ன பிரக்ஞையின் கையில் மிஞ்சியது எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரு வெறும் பொதுச்சொல்.

இங்கே நிறுத்தி, நோட்டில் எழுதுங்கள். எழுதும்போதே ஒரு சந்தேகம் வர வேண்டும். 'இப்போது' என்ற சொல் எல்லா நேரத்துக்கும் பொருந்துகிறது, சரி. அதனால் நான் பார்த்த அந்த இரவு எப்படிப் பொதுமையாகும்? சொல்லைப் பற்றிய உண்மையைப் பொருளைப் பற்றிய உண்மையாக ஹெகல் மாற்றிவிட்டாரோ?

இந்தச் சந்தேகம் வந்த பிறகு உரைகளைத் திறந்தால் அவை வேறு மாதிரிப் பேசும். 1839-இல் லுட்விக் ஃபாயர்பாக் எழுப்பியது இதே ஆட்சேபம்தான். என் சகோதரனின் பெயர் யோகான், அதே பெயரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள், அதனால் என் யோகான் உண்மையில்லை என்றாகிவிடுமா என்று அவர் கேட்டார். ஹெகல் மறுத்தது புலனறிவையே அல்ல, அதைப் பற்றிய எண்ணத்தை மட்டும்தான் என்பது அவர் வாதம். சார்லஸ் டெய்லர் 1970-களில் எழுதியவற்றில் வேறு வழியில் போகிறார். ஒன்றை அறிகிறேன் என்று உரிமை கொண்டாடுபவரால் எதை அறிகிறார் என்று சொல்ல முடிய வேண்டும் என்பதுதான் வாதத்தின் அச்சு என்கிறார். அப்படியானால் எழுதி வைக்கும் சோதனை நியாயமானதுதான். ராபர்ட் பிராண்டம் 2019-இல் வந்த 800 பக்கத்துக்கும் மேற்பட்ட தன் நூலில் இன்னொன்றைச் சொல்கிறார்: 'இது', 'இப்போது' போன்ற சுட்டுச் சொற்களுக்குப் பயன் இருக்க வேண்டுமென்றால், சுட்டிய அந்தக் கணம் கடந்த பிறகும் அதையே திரும்ப எடுத்துப் பேச ஒரு வழி வேண்டும். அந்த வழி வந்துவிட்டால் நேரடித்தன்மை போய்விட்டது. ஸ்டெர்ன் அத்தியாயத்தை மொழியைப் பற்றியதாக அல்லாமல், தனிமைக்கும் பொதுமைக்கும் உள்ள உறவு பற்றியதாகப் படிக்கிறார்.

நான்கு உரைகள், நான்கு பாதைகள். இப்போது மூலத்துக்குத் திரும்பி 105 முதல் 108 வரை படியுங்கள். அங்கே பிரக்ஞை பேச மறுத்து, வெறுமனே விரலால் சுட்டிக்காட்டப் பார்க்கிறது. சுட்டிக்காட்டும்போதே அந்த 'இப்போது' கடந்துபோய்விடுகிறது. சொல்லே இல்லாமல் சுட்டினாலும் அதே கதிதான் என்று ஹெகல் காட்ட முயல்வதைப் பார்த்தால், ஃபாயர்பாக்கின் ஆட்சேபத்தை அவர் ஓரளவு முன்கூட்டியே எதிர்பார்த்திருக்கிறார் என்று எனக்குப் படுகிறது. வாதம் முழுமையாக வெல்கிறதா என்பது வேறு கேள்வி. அதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவை எடுக்கும் நிலைக்கு நம்மைக் கொண்டுவந்து நிறுத்துவதுதான் நல்ல உரை.

உரை எந்த வகை என்று தெரிந்து படியுங்கள்

எல்லா உரைகளும் ஒரே வேலையைச் செய்வதில்லை. சில மூலத்தின் அடியொற்றிப் போகும். எச்.எஸ். ஹாரிஸ் 1997-இல் வெளியிட்ட இரண்டு பெரிய தொகுதிகள் அப்படிப்பட்டவை. பத்திக்குப் பத்தி, வரலாற்றுக் குறிப்புகளோடு. தொடர்ச்சியாகப் படிக்க வேண்டாம், மாட்டிக்கொண்ட இடத்தில் திறந்து பாருங்கள். இன்வுடின் மொழிபெயர்ப்பின் பின்னால் உள்ள குறிப்புகளும் இந்த வகை. ழான் இப்போலித், புத்தகத்தை 1939-க்கும் 1941-க்கும் இடையில் பிரெஞ்சில் மொழிபெயர்த்து வெளியிட்டு, 1946-இல் உரையும் எழுதியவர். நிதானமான, நேர்மையான உரை. பழையது என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

இன்னொரு வகை, ஹெகலின் வாதத்தை இன்றைய தத்துவ மொழியில் மறுபடி கட்டியெழுப்புவது. ராபர்ட் பிப்பின் 1989-இல் எழுதியது, பின்கார்டு 1994-இல் எழுதியது, பிராண்டமின் நூல் எல்லாம் இதில் வரும். டெய்லர் 1975-இல் எழுதிய பெரிய நூலில் ஹெகல், உலகம் முழுவதையும் தன் வெளிப்பாடாகக் கொண்ட ஒரு பிரபஞ்ச ஆன்மாவைப் பற்றிப் பேசுபவராக இருந்தார். பிப்பின் அந்தச் சித்திரத்தை மறுத்து, கான்ட் தொடங்கிய தன்னுணர்வுப் (மனம் தன்னையே அறிவது) பிரச்சினையைத் தொடர்ந்து எடுத்துச் செல்பவராக ஹெகலைக் காட்டினார். ஆக, 'ஸ்பிரிட்' என்ற சொல் வரும் ஒவ்வொரு இடத்திலும் இந்த இரு அணிகளும் இரண்டு வெவ்வேறு பொருளைக் காண்கின்றன. ஸ்டீபன் ஹௌல்கேட் போன்றவர்கள் பிப்பினின் பாதையை ஏற்பதில்லை. ஓர் உரையின் முதல் இருபது பக்கத்துக்குள் அது எந்த அணியைச் சேர்ந்தது என்று கண்டுபிடித்து, உள்ளட்டையில் எழுதி வையுங்கள். எதிர் அணியிலிருந்து ஒன்றை இரண்டாவது உரையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆண்டான் அடிமைப் பகுதி

மார்க்சியம் வழியாக ஹெகலிடம் வருபவர்கள் நம்மிடையே நிறைய. அவர்கள் முதலில் தேடுவது நான்காம் அத்தியாயத்தில் வரும் ஆண்டான்–அடிமைப் பகுதியை. 178 முதல் 196 வரை, 808 பத்திகளில் 19 பத்திகள். உலகப் புகழ் பெற்றுவிட்ட இந்தப் பத்தொன்பதைத்தான் மிகவும் எச்சரிக்கையாகப் படிக்க வேண்டும்.

வாதத்தின் எலும்புக்கூடு இது. தன்னுணர்வு இன்னொரு தன்னுணர்வின் அங்கீகாரத்தில்தான் இருக்க முடியும். இருவர் மோதுகிறார்கள், உயிரைப் பணயம் வைக்கிறார்கள். உயிருக்கு அஞ்சியவன் அடிமையாகிறான். ஆண்டானுக்கு அங்கீகாரம் கிடைக்கிறது, ஆனால் அவன் மதிக்காத ஒருவனிடமிருந்து. ஆகவே அதற்கு மதிப்பில்லை. அடிமையோ மரண பயத்தில் உள்ளுக்குள் நடுங்கி, பணிந்து, தன் ஆசையை அடக்கி, பொருளுக்கு உருவம் கொடுக்கிறான். அந்தப் பொருளில் தன்னையே பார்க்கிறான்.

இந்தப் பகுதிக்கு இவ்வளவு புகழ் வந்ததற்குத் தத்துவ அறிஞர் அலெக்சாந்தர் கொஜேவ் முக்கியக் காரணம். 1933 முதல் 1939 வரை பாரிசில் அவர் நடத்திய வகுப்புகளில் லக்கான், பத்தாய், மெர்லோ-போந்தி போன்ற பிரெஞ்சுச் சிந்தனையாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ரேமோன் கெனோ அவற்றைத் தொகுத்து 1947-இல் நூலாக்கினார். மனித வரலாறு முழுவதையும் ஆண்டான்–அடிமைப் போராட்டமாகவும், அதற்கு ஒரு முடிவு உண்டென்றும் படிக்கும் உரை அது. படிக்கப் படிக்க இழுத்துக்கொண்டு போகும். ஆனால் கவனியுங்கள்: அந்த நூல் இந்தப் பகுதியின் மொழிபெயர்ப்போடுதான் தொடங்குகிறது, மொழிபெயர்ப்புக்குள்ளேயே கொஜேவ் தன் விளக்கங்களை அடைப்புக்குறிகளுக்குள் செருகிக்கொண்டே போகிறார். வேகமாகப் படித்தால் எது ஹெகல், எது கொஜேவ் என்று பிரிக்கவே முடியாது. ஆகவே அடைப்புக்குறிகளுக்கு வெளியே இருப்பதை மட்டும் ஒருமுறை படித்துவிட்டு, அதை மில்லரோடு ஒப்பிட்டுவிட்டு, அப்புறம் உள்ளே இருப்பதைப் படியுங்கள். மரண பயம், சேவை, உழைப்பு என்று ஹெகல் மூன்றையும் சேர்த்துச் சொல்வது மூலத்தில் தெரியும். உரைகளிலோ ஏதாவது ஒன்று மட்டும் பெரிதாகிவிடுகிறது.

மார்க்ஸ் தன் வர்க்கப் போராட்டக் கருத்தை இந்தப் பகுதியிலிருந்து எடுத்தார் என்று அடிக்கடி எழுதப்படுகிறது. 1844-ஆம் ஆண்டின் கையெழுத்துப் பிரதிகளைத் திறந்து பாருங்கள். ஃபினாமினாலஜியில் மார்க்ஸ் அங்கே பக்கம் பக்கமாக எடுத்துக்காட்டி விவாதிப்பது கடைசி அத்தியாயத்தை, முழுமுதல் அறிவு பற்றியதை. அந்தப் பிரதிகள் 1932-இல் அச்சேறின, அடுத்த ஆண்டே கொஜேவின் வகுப்புகள் தொடங்கின. இரண்டும் ஒரே காலத்தில் படிக்கப்பட்டதால் பிற்கால வாசகர்களின் மனத்தில் ஒன்றோடொன்று கலந்துபோக வழியிருந்தது. இதைத் தெரிந்துகொண்டு படித்தால், ஹெகலையும் மார்க்சையும் தனித்தனியாக மதிக்க முடியும்.

கொஜேவுக்கு மறுகரையில் ஜான் மெக்டவலை வையுங்கள். இரண்டு மனிதர்களின் கதையே அல்ல இது, ஒரே தன்னுணர்வின் இரண்டு பக்கங்களுக்கு இடையிலான உறவை உருவகமாகச் சொல்வது என்பது அவர் வாசிப்பு. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. 178-ஆம் பத்தி இன்னொரு தன்னுணர்வு வேண்டும் என்று வெளிப்படையாகவே சொல்வதாகத்தான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் மெக்டவலைப் படித்த பிறகு, இந்த அத்தியாயத்துக்கு முந்தைய மூன்று அத்தியாயங்களோடு என்ன தொடர்பு என்ற கேள்வியை யாராலும் தவிர்க்க முடியாது. கொஜேவைப் படித்தவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை.

பெயர் சொல்லாத பேர்வழிகள்

ஐந்து, ஆறாம் அத்தியாயங்களுக்கு வந்தால் உரை இல்லாமல் நகர முடியாது என்றே சொல்வேன். அங்கே வாதம் புரியாமல் போவதைவிட, யாரைப் பற்றிப் பேசுகிறார் என்று தெரியாமல் போவதுதான் அதிகம். ஆன்மாவின் (ஸ்பிரிட்) இருப்பு ஒரு எலும்பு என்ற விசித்திரமான வாக்கியம் 343-ஆம் பத்தியில் வரும். மண்டையோட்டின் மேடு பள்ளத்தைத் தடவிப் பார்த்துக் குணத்தைச் சொல்லலாம் என்ற, பிரான்ஸ் யோசஃப் கால் பெயரோடு அன்று பரவியிருந்த கொள்கையை அதன் கடைசி எல்லைவரை கொண்டுபோய்க் காட்டும் இடம் அது. ஆறாம் அத்தியாயத்தின் தொடக்கத்தில் சோஃபக்ளீஸின் கிரேக்க நாடகத்தில் வரும் ஆன்டிகனி நிற்கிறாள். நடுவில் பிரெஞ்சு எழுத்தாளர் திதெரோவின் 'ராமோவின் மருமகன்' நூலிலிருந்து வரிகள் வருகின்றன. அது 1805-இல் கெத்தேயின் ஜெர்மன் மொழிபெயர்ப்பாகத்தான் முதலில் அச்சேறியது, ஹெகல் படித்ததும் அதையே. அப்புறம் பிரெஞ்சுப் புரட்சியின் பயங்கர ஆட்சி. முட்டைக்கோசின் தலையைச் சீவுவதற்கு மேல் பொருளில்லாத சாவு என்று 590-ஆம் பத்தியில் ஹெகல் எழுதுவது கில்லட்டினைப் பற்றி. எழுதும்போது அந்தக் கொலைகள் நடந்து பதின்மூன்று ஆண்டுகள்கூட ஆகவில்லை.

இந்த இடங்களில் மட்டும் என் முறையைத் தலைகீழாக்கிக்கொள்ளுங்கள். ஹாரிஸையோ இன்வுடையோ முதலில் பார்த்து, பேசப்படுவது யார், எந்த நூல், எந்தச் சம்பவம் என்று மட்டும் குறித்துக்கொண்டு, உடனே மூடிவிட்டு மூலத்துக்கு வாருங்கள். முடிந்தால் ஆன்டிகனியைத் தனியாக ஒருமுறை படியுங்கள். ஒரு மாலையில் முடித்துவிடலாம்.

இதே சமயத்தில் ஒரு பழைய சுமையையும் இறக்கி வையுங்கள். கருத்து, எதிர்க்கருத்து, இணைவு என்ற மூன்று படிச் சூத்திரத்தைத்தான் ஹெகலின் இயங்கியல் (டயலெக்டிக்) என்று பல பாடநூல்கள் சொல்லிக்கொடுத்திருக்கின்றன. அந்த மூன்று சொற்களையும் தன் முறைக்குப் பயன்படுத்தியவர் ஹெகலுக்கு மூத்த தத்துவஞானி ஃபிக்டெ. ஹெகலின் மேல் அதை ஒட்டவைத்துப் பரப்பியதில் ஹைன்ரிக் கலிபோயஸ் 1837-இல் வெளியிட்ட நூலுக்குப் பங்கு உண்டு. மும்மையை உயிரற்ற அட்டவணையாக எல்லாவற்றின் மேலும் பூசுவதை ஹெகலே முன்னுரையின் 50-ஆம் பத்தியை ஒட்டிக் கண்டிக்கிறார். ஓர் உரை ஒவ்வொரு அத்தியாயத்தையும் இந்த மூன்று பெட்டிகளில் போட்டு அடுக்கினால், அதை மூடி வைத்துவிட்டு வேறொன்றை எடுங்கள்.

எவ்வளவு வேகம்

ஒரு நாளைக்கு ஒரு பத்தி போதும். வேலைக்குப் போகிறவர்களுக்கு வாரத்துக்கு மூன்று நான்கு பத்திதான் ஓடும், அதுவே நல்ல வேகம். நோட்டின் இடப்பக்கத்தில் உங்கள் வாக்கியம், வலப்பக்கத்தில் உரைகாரர் சொன்னது. உங்கள் வாக்கியத்தை அழிக்காதீர்கள். உரை வேறு மாதிரிச் சொன்னால் ஏன் வேறு மாதிரி என்று கீழே எழுதுங்கள். உரைகாரர் தவறவிட்ட சொல் ஒன்றை நீங்கள் பிடித்திருப்பது சில மாதங்கள் கழித்துத்தான் தெரியவரும்.

உங்கள் வாக்கியத்தைத் தமிழில் எழுதுங்கள். ஆங்கிலத்தில் எழுதினால் மொழிபெயர்ப்பாளரின் சொற்களையே இடம் மாற்றிப் போட்டுவிட்டுப் புரிந்துவிட்டதாக நினைத்துக்கொள்வோம். தமிழில் எழுதும்போது அந்தச் சொற்களுக்குள் ஒளிந்துகொள்ள முடியாது. யார் யாரைச் சோதிக்கிறார், எது உடைந்தது, ஏன் உடைந்தது என்று சொல்லியே ஆக வேண்டும்.

கூடப் படிக்க இரண்டு மூன்று பேர் கிடைத்தால், ஆளுக்கு ஒரு உரையைப் பொறுப்பாகக் கொடுங்கள். கூட்டத்தில் ஒவ்வொருவரும் தன் உரைகாரருக்காக வாதாடட்டும். தலைமை தாங்கி விளக்கம் சொல்ல ஒருவர் இருந்தால் மற்றவர்கள் கேட்டுக்கொண்டு சும்மா இருந்துவிடுவார்கள்.

அறிமுகம், முதல் நான்கு அத்தியாயங்கள், ஆறாம் அத்தியாயத்திலிருந்து ஆன்டிகனி பகுதியும் புரட்சிப் பகுதியும்: முதல் சுற்றுக்கு இவ்வளவு போதும். அதற்குப் பிறகு 788-இல் தொடங்கும் கடைசி அத்தியாயத்துக்குத் தாவலாம். 21 பத்திகள்தான், ஆனால் மிகவும் இறுக்கமானவை. மார்க்சின் 1844 பிரதியை அருகில் வைத்துப் படித்தால் எங்கே இருவரும் பிரிகிறார்கள் என்று துலக்கமாகத் தெரியும். முன்னுரையை அதற்கும் அப்புறம் எடுங்கள். யிர்மியாகு யோவெல் 2005-இல் முன்னுரையை மட்டும் தனியாக மொழிபெயர்த்து, வரிக்கு வரி குறிப்பு எழுதியிருக்கிறார். ஷெல்லிங்கோடு நடந்த தகராறு முதல் கணிதத்தைப் பற்றிய பத்திகள் வரை அதில் கிடைக்கும். அங்கும் குறிப்பு பக்கத்தின் அடியில்தான் இருக்கிறது. முதலில் மேலே இருப்பதைப் படித்து, உங்கள் வாக்கியத்தை எழுதிவிட்டு, பிறகு கீழே பாருங்கள்.